விருந்தினர் சீட்டு

ஏரி வாசல், சீட்டு அறை
செவ்வாய், முற்பகல்

என் அருமை மருமகளுக்கு,

உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, ஏரி மூவரும் சௌக்கியம். ஏரி மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கிறது. நீயும் உன் பண்ணையில் இருக்கிற லட்சக்கணக்கான மீன் குஞ்சுகளும் அதேபோல் நலமாக இருக்க வேண்டும். உன் அம்மாவைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்தேன். முட்டிவலி குறைந்துவிட்டது. மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறுகிறாள், ஏறி நின்று, என்னடா தம்பி மூச்சு வாங்குது என்று கேட்கிறாள்.

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. மாமன் ஏன் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய். ஏரிக்கரைக்குக் கரடி வந்துவிட்டது, அதை நான் குடையை விரித்துக் காட்டியே காட்டுக்குள் திருப்பி அனுப்பினேன், அந்தக் களேபரத்தில் எழுத முடியவில்லை என்று ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். உன் அத்தை அதைப் படித்துவிட்டு, கரடியா, அது பக்கத்துத் தெருக் கறுப்பு நாய்தானே என்று கேட்டாள். கேட்டதோடு விட்டாளா, அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பு மேடையைத் துடைத்தாள். இனிமேல் ஒவ்வொரு பக்கமும் அவள் பென்சிலும் கையுமாகப் பார்த்த பிறகுதான் உறைக்குள் போக வேண்டும் என்று உத்தரவு. ஆகவே இந்தக் கடிதத்தில் கரடி வராது.

நீ எழுதியதை எட்டு முறை படித்தேன். (எட்டு சரியான கணக்கு. அத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.) பண்ணையில் தற்காலிக வேலையில் இருக்கும் மூன்று பேரை இந்த நிதியாண்டோடு அனுப்பிவிடப் போகிறார்கள், அதில் நீயும் ஒருத்தி, இன்னும் ஆறு வாரம்தான் என்று எழுதியிருந்தாய். நம் வனவிலங்கு, மீன்வளத் துறைக்குப் பணம் கேட்டுப் போன இடத்தில், வாசல் கேட்டில் நிற்கிற யாரோ ஒரு கேட்காரர் சட்டசபைக் குழுவின் முன்னால் உளறிக் காரியத்தைக் கெடுத்துவிட்டாராம், சாப்பாட்டு அறையில் எல்லாரும் அந்த ஆளைத்தான் கரித்துக் கொட்டுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். "அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா? டைரக்டர் உங்களுக்கு ரொம்ப வேண்டியவராச்சே, எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்" என்று முடித்திருந்தாய்.

கேள்வி இரண்டு. இரண்டாவதுதான் சுலபம், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டைரக்டரும் நானும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான் என்று உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவிடமும், முடிதிருத்துகிறவரிடமும், மளிகைக்கடையிலும் சொல்லியிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் அவர் ஏரிக்கு வந்தார். கார்க் கதவிலிருந்து சீட்டு அறை வரைக்கும் நான் குடை பிடித்தேன். அவர் என்னைப் பார்த்துக் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் இடது கையைக் காட்டினேன். எங்கள் நட்பு இவ்வளவுதான். இதை எழுதும்போது காது மடல் சூடாகிறது. ஆனாலும் உனக்கு முன்பே தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் கேட்டிருக்கிறாய் என்றால், வேறு போக்கிடம் இல்லாமல் கேட்டிருக்கிறாய். அதை நினைத்துத்தான் பதினோரு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

முதல் கேள்விக்குப் பதில், தெரியும். அந்தக் கேட்காரர் நான்தான்.

அதை எழுதிவிட்டு எழுந்து போய் வாசல் சங்கிலியைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படிப்பு என்னை விடவில்லை, நான்தான் அதை விட்டேன் என்று சொல்லுவேன், அதுவும் அத்தையின் பென்சிலுக்குத் தப்பாது. ஆனால் வரிசை தப்பாமல் சொல்ல வரும்.

ரோஸ் கலர்ப் புத்தகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். விருந்தினர் சீட்டுப் புத்தகம். துறை வேலையாக வருகிற இஞ்சினியர், பிள்ளைகளை அழைத்து வருகிற வாத்தியார், இவர்களுக்கென்று அச்சடித்தது. ஒரு சீட்டு, ஒரு ஆள், ஒரு நாள். நுழைவுக் கட்டணம் கிடையாது, தூண்டில் போட லைசென்ஸும் கேட்கக் கூடாது. அதை என் கையில் கொடுத்து, பார்த்துச் செலவு பண்ணுப்பா என்று சொன்னார் பழைய அதிகாரி. நான் பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்தேன். தெரிந்த முகத்தையெல்லாம் பார்த்தேன். முடிதிருத்துகிறவர், தையல்காரர், மளிகைக்கடைக்காரர், அவர் மச்சான், மச்சானின் முதலாளி. பையில் கைவிட்டவர்களைக் கூட நான் விடவில்லை. அட வைங்க, நான் இருக்கும்போது உங்களுக்கு என்ன சீட்டு என்று ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். அந்தக் கிழிக்கிற சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தெருவில் எனக்கு ஏரி மந்திரி என்று பெயர் வந்தது இப்படித்தான். அவர்கள் கேலியாக வைத்தார்கள், நான் பட்டமாக வாங்கிக்கொண்டேன்.

இதில் தப்பு இருக்கிறது என்று நிஜமாகவே எனக்குத் தோன்றியதில்லை, கண்ணு. சர்க்கார் என்றால் சமுத்திரம், அதில் நான் ஒரு சொம்பு மொண்டு கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷமாக அந்த ஏரியில் நானே லைசென்ஸ் இல்லாமல்தான் தூண்டில் போட்டிருக்கிறேன். ஒருமுறை என் இடுப்பு உயரத்துக்கு ஒரு மீன் பிடித்தேன். (முட்டி உயரம் என்கிறாள் அத்தை. சரி, முட்டி.)

இனி அந்த நாள். விளையாட்டுச் சாமான் விற்பனை வரியில் ஒரு சின்னப் பங்கை வருஷா வருஷம் துறைக்கே ஒதுக்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் குழுவின் முன்னால் போனார்கள். அதிகாரிகள் மட்டும் பேசினால் குழுவில் இருப்பவர்கள் கல்லாக உட்கார்ந்திருப்பார்கள், வாசலில் நிற்கிற ஒரு ஆள் பேசட்டும் என்று யாரோ யோசனை சொல்ல, நம் வட்டார அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ஒரு துண்டுச் சீட்டில் மூன்றே வரி எழுதிக் கொடுத்தார். சீட்டு அறைக் கூரை ஒழுகுகிறது. ரோந்துப் படகு இரண்டும் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. வாசலில் இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒருவன்தான். "இதை மட்டும் சொல்லிட்டு உக்காந்துருப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

தெருவில் நான் என்ன சொல்லிவிட்டுப் போனேன் தெரியுமா, அரசாங்கத்துக்கு ஒரு சிக்கலாம், நம்மிடம் யோசனை கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. அத்தை சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். போனோமா மூணு வரி சொன்னோமா வந்தோமான்னு இருங்க என்று அவளும் சொன்னாள்.

பெரிய கூடம். மேலே மின்விசிறிகள், கீழே கம்பளம். நடுவில் மேசைமேல் ஒரு மைக். மைக்கைப் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணன் கல்யாணத்தில் என்னிடமிருந்து அதைப் பிடுங்க நாலு பேர் வேண்டியிருந்தது. துண்டுச் சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. கூரை ஒழுகுகிறது, படகு கவிழ்ந்து கிடக்கிறது என்று அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் சொல்ல என் வாய் வரவில்லை. ஏதோ என் வீட்டு வறுமையைச் சொல்வது போல இருந்தது. எங்கள் ஏரிக்கு ஒரு குறையும் இல்லை என்று ஆரம்பித்தேன். விடுமுறை நாளில் மூவாயிரம் பேர் வருகிறார்கள், அத்தனை பேரையும் நான் ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறேன், ஒரு தள்ளுமுள்ளு கிடையாது, எல்லாரும் வயிறும் மனசும் நிறைந்து போகிறார்கள் என்றேன். முந்நூறு பேர் வந்தாலே அங்கே பெரிய கூட்டம், உனக்குத் தெரியாததா.

குழுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் மெதுவாக ஒரு தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "அய்யா, மூவாயிரம் பேர்னு சொல்றீங்க. போன லீவுல கடைசி ஞாயித்துக்கிழமை உங்க கேட்டுக் கணக்குல நூத்தி எழுவது டிக்கெட்தான் இருக்கு. மத்தவங்கல்லாம் எப்படி உள்ள போறாங்க?"

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. கூட்டிச் சொல்லிவிட்டேன் அம்மா, மன்னியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ அவமானத்தோடு போயிருக்கும். ஆனால் என் நாக்கு அந்த வழியில் நடந்து பழகியதில்லை. அவங்கல்லாம் நம்ம விருந்தாளிங்கதாம்மா என்றேன்.

கூடமே சிரித்தது. என் பேச்சை ரசிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். இதுவரை எழுதியதில் எதை நீ மறக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சிரித்தேன்.

குழுத் தலைவர் ஃபைலை மூடினார். "உங்க கேட்டை உங்களுக்கே மூடத் தெரியல, எங்க கதவை வந்து தட்டறீங்க" என்றார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். நம் டைரக்டர் எழுந்து போகும்போது என் பக்கம் ஒருமுறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இவன் யார் என்று யோசிக்கிறவர் போலப் பார்த்தார்.

திரும்பி வரும்போது வேனில் நான்தான் பேசினேன், கூடத்தில் மின்விசிறி நன்றாக இருந்தது என்று. பக்கத்தில் வட்டார அலுவலகக் கணக்கர். சின்ன வயது, பல் தெரியச் சிரிக்காத ஆள். அவர் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நம்ம சம்பளம் எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். கஜானாவிலிருந்து என்றேன்.

அவர் தன் கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். "இந்தச் சுண்டுவிரல் லைசென்ஸு. மோதிரவிரல் கேட் டிக்கெட்டு. நடுவிரல் மத்திய சர்க்கார்லேர்ந்து வர்ற பங்கு. ஆள்காட்டி விரல் உண்டியல், யாராச்சும் நல்ல மனசுல போடறது. மான் எண்ணுறவர் சம்பளம், கழுவுற பினாயில், பண்ணையில குஞ்சுக்குத் தீனி, எல்லாம் இந்த நாலு விரல்ல பிடிச்சுத்தாண்ணே தூக்கறோம்" என்றார். கட்டைவிரல் என்று கேட்டேன். "அதுதாண்ணே கஜானா. அது நமக்குக் கெடையாது, ஒத்தக் காசு வராது. அதைக் கேக்கத்தான் இன்னிக்குப் போனோம்."

நடுவிரல்தான் என்னைக் குத்தியது. தூண்டில் கம்பு, நரம்பு, முள், படகு மோட்டார் எது விற்றாலும் அதன் மேல் ஒரு வரி உண்டாம், அது மத்தியில் போய்ச் சேருமாம். அதைத் திருப்பிப் பிரித்துக் கொடுக்கும்போது, எந்த மாநிலத்தில் எத்தனை பேர் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கினார்கள் என்று தலையை எண்ணுவார்களாம். நம் பக்கத்தில் ஒரு ரூபாய் இருந்தால்தான் அவர்கள் பக்கத்திலிருந்து மூன்று ரூபாய் வரும். ஓசியில் மீன் பிடிக்கிறவன் தலை அந்தக் கணக்கிலேயே வராது. "ஒரே ஆளு உங்க ரோஸ் சீட்டுல வருஷத்துக்கு இருபது தடவ தூண்டில் போடறாரு. அவரு ஏண்ணே லைசென்ஸ் வாங்கப்போறாரு?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதையெல்லாம் உனக்கு நான் சொல்வது, மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலத்தான். நீ எனக்கு முன்பே சொன்னாய். அதற்கு வருகிறேன்.

சமுத்திரம் என்று நினைத்தது ஒரு குடம், கண்ணு. அதில் நான் பதினெட்டு வருஷம் மொண்டிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. அதுவரைக்கும் கூட நான் தெருவில் வேறு கதைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏதோ அரசியல் காரணத்தால் தள்ளிப்போய்விட்டது, மற்றபடி என் பேச்சுக்கு நல்ல வரவேற்பு என்று.

வியாழக்கிழமை

மேலே எழுதியதை அத்தை படித்துவிட்டாள். பென்சிலால் இரண்டே இடத்தில் கோடு போட்டாள். ஒன்று, நாலு பேர் மைக்கைப் பிடுங்கினார்கள் என்ற இடம். இரண்டு பேர்தானாம். இன்னொன்று எங்கே என்று சொல்ல மாட்டேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் என் பேச்சைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகிவிட்டது.

உன் கடிதம் வந்த மறுநாளே வட்டார அதிகாரியைப் பார்க்கப் போனேன். மிச்சமிருந்த ரோஸ் புத்தகங்களையும், ஒரு வருஷத்தில் கிழித்த சீட்டுகளின் அடிக்கட்டைகளையும் பையில் எடுத்துப் போனேன். இருபத்து மூன்று புத்தகம் தீர்ந்திருக்கிறது, புத்தகத்துக்கு நூறு சீட்டு. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். விருந்தினர் பெயர் என்ற இடத்தில் என் கையெழுத்தில் தையல்காரர், தையல்காரர், தையல்காரர் என்று வந்துகொண்டே இருந்தது. "இந்தத் தையல்காரர் நம்ம துறைக்கு அப்படி என்னப்பா தச்சுக் குடுத்தாரு?" என்று கேட்டார்.

என் மருமகள் வேலை போகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குழுவிடம் மறுபடி மனு போடலாம், ஆனால் அந்த மூவாயிரத்துக்கு என்ன விளக்கம் சொல்வது என்பதில்தான் நின்றுபோயிருக்கிறது என்றார். நானே எழுதித் தருகிறேன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மூவாயிரம் என்று நான் சொன்னது பொய். முந்நூறுக்கு மேல் வருவதில்லை. டிக்கெட் இல்லாமல் போனவர்களை அனுப்பியது துறை அல்ல, நான். கூரை ஒழுகுகிறது, படகு இரண்டும் கவிழ்ந்து கிடக்கிறது, வாசலில் நான் ஒருவன்தான். ஆறே வரி. என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை. அதை அந்தக் கூடத்தில் மைக்கில் உரக்கப் படிப்பார்களாம். படிக்கட்டும். எனக்கு இரண்டு வருஷச் சம்பள உயர்வு நின்றுவிட்டது, அது போகட்டும்.

உன் ஆறு வாரத்துக்குள் மனு எடுபடுமா என்று கேட்டேன். தெரியாதுப்பா என்றார். ஆகவே நானும் உனக்கு அதையே சொல்கிறேன். தெரியாது. வேலை நிற்கும் என்று சொல்லி உன்னைத் தேற்ற நாக்கு துடிக்கிறது. சொல்ல மாட்டேன்.

இப்போது வாசலில் காசு கேட்கிறேன். முதல் நாள் முடிதிருத்துகிறவர் வழக்கம்போல் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே நடந்தார். அண்ணே, டிக்கெட்டு என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "என்ன மந்திரி, ஆட்சி கவிழ்ந்துடுச்சா?" என்றார். ஆமாண்ணே, நானே கவுத்துட்டேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், மூன்றாம் நாள் வந்து லைசென்ஸ் வாங்கினார். "உனக்காக இல்ல, மீனுக்காக" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினார். அதற்குப் பிறகு எனக்கு முடிவெட்டியபோது காதோரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் வெட்டினார். தையல்காரர் இன்னும் பேசவில்லை. மாலையில் வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போகிறேன். உங்களுக்கு நான் ஓசியில் கொடுத்தது என் சொத்து இல்லை, இப்போது லைசென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நாற்காலியில் கூட உட்காராமல் வாசலிலேயே நின்று சொல்கிறேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். நூறு லைசென்ஸ் விற்றிருக்கிறேன். (நாற்பத்து மூன்று.) நாற்பத்து நாலாவது என்னுடையது. என் பெயரில் முதல் லைசென்ஸ். கணக்கரிடம் கேட்டேன், இது போதுமா என்று. பண்ணையில் ஒரு ஆள் வேலைக்கே இன்னும் ஆயிரம் லைசென்ஸுக்கு மேல் வேண்டும் அண்ணே என்றார். சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பல் தெரியச் சிரித்தார்.

சாப்பாட்டு அறையில் அந்த விருந்தாளி பேச்சு மறுபடி வரும். வந்தால் நீ எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். எங்க மாமாதான் என்று சொல்லவும் வேண்டாம். அவர்கள் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரித்துக்கொள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். உன் ஆறாம் வகுப்பில், உன் வகுப்பு முழுவதையும் ரோஸ் சீட்டில் உள்ளே விட்டேன். அன்றைக்குத்தான் பண்ணைக்காரர்கள் பீப்பாயிலிருந்து குஞ்சுகளை ஏரிக்குள் விட்டார்கள். நீ தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு, என் விரலைக் கடிக்குது மாமா என்று கத்தினாய். நான் உள்ளே விட்டதால்தான் நீ இந்த மீன்வளப் படிப்புக்குப் போனாய் என்று ஊரெல்லாம் சொன்னேன். அந்தக் குஞ்சு யார் காசில் வந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

உனக்கு முதல் சம்பளம் வந்த மாதம் நீ ஏரிக்கு வந்தாய். வாசலில் நின்று டிக்கெட்டுக்குக் காசை நீட்டினாய். என் மருமகளுக்கு டிக்கெட்டா, என்னை என்ன நினைச்சே என்று பத்துப் பேர் பார்க்க உன் கையைத் தள்ளிவிட்டேன். இது என் சம்பளத்துக்குத்தான் வருது மாமா, வாங்கிக்குங்க என்று நீ மெதுவாகச் சொன்னாய். எனக்குக் காதில் ஏறவில்லை. நீ போய் வாசல் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாய். அதைப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா எங்கள் வீட்டுப் பிள்ளையின் தர்ம குணத்தை என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமை பேசினேன்.

வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி, அந்த ஆறு வாரம் முடிந்ததும் ஒருமுறை வந்துவிட்டுப் போ. உன் அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவள் முன்னால் நீ எதையும் மறைக்க வேண்டியதில்லை. நேராக வீட்டுக்குப் போகாமல் முதலில் ஏரிக்கு வா. நான் வாசலில்தான் இருப்பேன். பத்துப் பேர் இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு மாதிரி கையை நீட்டு. இந்த முறை வாங்கிக்கொள்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் உன் கை ஈரமாகவே இருக்க வேண்டும், விரலைக் கடிக்கக் குஞ்சுகள் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உன் மாமன்
(ஏரி வாசல் காவலர்)